அம்பாசிடர் காரில் ஓம் விதி



ஓம் விதியைப் பத்தாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். நானும் கல்லூரியில் இருபது ஆண்டுகளாக அதை நடத்தி வருகிறேன். ஆயினும் அந்த விதியின் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில்தான். அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்து நாம் கற்க வேண்டிய இயற்பியல் நிறைய இருக்கிறது.

விழுப்புரத்தில் உள்ள என் மாமாவிடம் 1974ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசிடரைத் தயாரித்து வந்தது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று நன்றாக ஓடும் அம்பாசிடர் ஒரு பழம்பொருள். மாமா அதைப் பிள்ளைபோல் வைத்திருக்கிறார். ஒருநாள் அவர், "மாப்பிள்ளை, நீ பிசிக்ஸ் வாத்தியார்தானே? இதுல நல்லா பாட்டுக் கேக்கற மாதிரி ஒண்ணு பண்ணித் தாயேன்" என்றார்.

எனக்கும் ஆசைதான். "200 வாட்" என்று அச்சிட்ட பாட்டுக் கருவி, பெரிய ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஒலிபெருக்கிகள் ஆகியவற்றை வாங்கி நானே பொருத்தினேன். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய கம்பியைப் பாட்டரியிலிருந்து டிக்கி வரை இழுத்தேன். முன்னெச்சரிக்கையாக, டிக்கியில் ஆம்ப்ளிஃபயருக்கு அருகே ஒரு ஃபியூஸும் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, திண்டிவனத்தில் ஓர் உறவினர் திருமணத்துக்கு மாமாவும் நானும் என் மகளும் புறப்பட்டோம். விக்கிரவாண்டி தாண்டும்வரை பாட்டு அமர்க்களமாக ஒலித்தது. பின் இருக்கையில் இருந்த மகள்தான் முதலில் சொன்னாள்: "அப்பா, பிளாஸ்டிக் கருகுற வாடை வருது." டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை எழுந்தது. காரை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். ஆனால் புகை நிற்கவில்லை! பானெட்டைத் திறந்து, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாட்டரியின் கவ்வியைப் பிடித்து இழுத்தேன். அது தளர்வாக இருந்ததால் கையோடு வந்தது. புகை அடங்கிற்று. இதை நீங்கள் ஒருபோதும் செய்யத் துணியாதீர்கள். உடனே இறங்கித் தள்ளி நின்று பெரியவர்களை அழைப்பதே உங்கள் வேலை.

டிக்கியில் இருந்த ஃபியூஸ் உருகவே இல்லை. சாவியை அணைத்தும் புகை ஏன் நிற்கவில்லை? ஃபியூஸ் ஏன் காக்கவில்லை? ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெட்டியில் அச்சிட்ட வாட்

முதல் தவறு கடையிலேயே தொடங்கியது. "200 வாட்" என்பது நான்கு ஒலிபெருக்கிகளுக்கும் தலா 50 வாட் என்ற கணக்கு. அந்த 50 எங்கிருந்து வந்தது?

எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகமாகப் போனால் 14.4 வோல்ட் இருக்கும். ஒலிபெருக்கியின் மின்தடை பொதுவாக 4 ஓம். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. 14.4 × 14.4 ÷ 4 = 51.84 வாட். இதோ அந்த 50!

ஆனால் இசை இப்படி எப்போதும் உச்ச மின்னழுத்தத்தில் நிற்பதில்லை. நயமான ஒரு சைன் அலையின் உச்சம் 14.4 வோல்ட் என்றால், அதன் பயனுறு மதிப்பு 14.4 ÷ 1.414, அதாவது சுமார் 10.2 வோல்ட்தான். இப்போது திறன் 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். கருவிக்குள் நேரும் இழப்பையும் கழித்தால் 20 வாட்டுக்குக் கீழே இறங்கும். 50 வாட் வேண்டுமானால் அலையின் தலை முழுவதையும் வெட்டிச் சதுரமாக்க வேண்டும். அப்போது வருவது இசையன்று, கரகரப்பு.

இன்னொரு சோதனையும் உண்டு. கருவியின் பின்புறம் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். அது 10 ஆம்பியர் என்றால், உள்ளே தொடர்ந்து செல்லக்கூடிய திறன் 10 × 14.4 = 144 வாட். உள்ளே 144 வாட் சென்று வெளியே 200 வாட் வருமா? ஆற்றல் அழிவின்மை விதி கார்க் கடையிலும் செல்லும்.

காரின் மின் வரவு செலவு

புதிய கார்களில் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. மாமாவின் காரில் இருப்பது பழைய டைனமோ. அக்காலத்து டைனமோ நல்ல வேகத்தில் சுழலும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் தரும். மழை பெய்யும் ஓர் இரவில் அதன் செலவைக் கணக்கிடுவோம்.

முகப்பு விளக்குகள் இரண்டு, தலா 45 வாட்: 90 வாட். 12 வோல்ட்டில் இது 7.5 ஆம்பியர். பின்விளக்கு, எண்பலகை விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியர். தீப்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்கு 3.5 ஆம்பியர். மழைநீர் துடைக்கும் வைப்பருக்கு 3 ஆம்பியர். ஆகமொத்தம் 16 ஆம்பியர். மிச்சம் 4.

நான் வைத்த ஆம்ப்ளிஃபயர், உரத்து ஒலிக்கையில் 100 வாட் ஒலித்திறன் தருவது. ஆனால் உள்வாங்கும் திறனில் பாதியை அது வெப்பமாக வீணாக்கும். ஆகவே 200 வாட் கேட்கும். அதாவது சுமார் 15 ஆம்பியர். கையில் இருப்பது 4, கேட்பது 15. பற்றாக்குறையான 11 ஆம்பியரையும் பாட்டரிதான் கொடுத்தாக வேண்டும். சுங்கச்சாவடி வரிசையில் எஞ்சின் மெல்ல ஓடும்போதோ டைனமோ அநேகமாக ஒன்றுமே தராது. அப்போது முழுச்சுமையும் பாட்டரி தலையில்தான். வரவறிந்து செலவு செய்யாத குடும்பத்தின் கதைதான் அந்தப் பாட்டரிக்கும்.

எத்தனை வாட் வேண்டும்?

அப்படியானால் அத்தனை வாட் தேவையா? நம் செவியின் இயல்பை அறிந்தால் விடை கிடைக்கும்.

ஒலியின் அளவை டெசிபெல் என்ற அலகால் அளக்கிறோம். தொலைபேசியைப் படைத்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரால் அமைந்த அலகு இது. இது மடக்கை அளவு. திறனை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும்; அப்போதும் நம் செவிக்கு ஏறக்குறைய இரு மடங்கு உரப்பாகத்தான் தோன்றும். 20 வாட்டை 200 வாட்டாக உயர்த்திப் பத்து மடங்கு மின்னோட்டத்துக்கு வழி செய்தாலும் கிடைப்பது இரு மடங்கு உரப்பு மட்டுமே.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஒலிபெருக்கியின் பெட்டியில் "உணர்திறன்" என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் கேட்கும் என்பதே அது. 86 டெசிபெல் தரும் ஒலிபெருக்கிக்குப் பதிலாக 92 டெசிபெல் தருவதை வாங்கினால் 6 டெசிபெல் இலாபம். இது திறனை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். டைனமோவும் கம்பியும் மாறாமலே கிடைக்கும் இலாபம்!

92 டெசிபெல் ஒலிபெருக்கிக்கு 10 வாட் கொடுத்தால் 102 டெசிபெல். ஒரு காரின் சிறிய அறைக்குள் இது காதைப் பிளக்கும் ஒலி. பெரிய ஆம்ப்ளிஃபயரே எனக்குத் தேவைப்படவில்லை.

கம்பியின் கனம்

இப்போது புகைக்கு வருவோம். நான் இழுத்த கம்பியின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். பாட்டரியிலிருந்து டிக்கி வரை நீளம் 5 மீட்டர். செம்பின் மின்தடை எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், 5 மீட்டருக்கு 0.085 ஓம் வரும். "இவ்வளவு சிறிய மின்தடையா! இது என்ன செய்துவிடும்?" என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டில் 230 வோல்ட்டில் 200 வாட் கருவி ஒன்றுக்கு 1 ஆம்பியரும் தேவையில்லை. காரில் அதே 200 வாட்டுக்கு 15 ஆம்பியர். 15 × 0.085 = 1.3 வோல்ட் வழியிலேயே இழப்பு. கம்பியில் வெளிப்படும் வெப்பமோ 15 × 15 × 0.085 = 19 வாட். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்ற ஜூல் விதியை இங்கே நினைவில் கொள்ளுங்கள். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டிருந்தால் மின்னழுத்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். வெப்பம் சுமார் 3 வாட். குறைந்த மின்னழுத்தம் என்றால் கனத்த கம்பி வேண்டும். இது முதல் பாடம்.

ஆனால் புகைக்கு இது மட்டும் காரணமன்று. எஞ்சின் அறைக்கும் நாம் அமரும் அறைக்கும் இடையே ஓர் இரும்புத் தகடு உள்ளது. அதில் ஒரு துளை வழியாகக் கம்பியை நுழைத்தேன். துளையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் போடவில்லை. கார் அதிர அதிர, தகட்டின் கூரிய விளிம்பு கம்பியின் மேலுறையை அராவிச் செம்பைத் தொட்டுவிட்டது. காரின் உடல் முழுவதும் பாட்டரியின் மறுமுனையோடு இணைந்தது. எனவே இது குறுக்குச் சுற்று.

தொடுகை அரைகுறையாக இருந்து, சுற்றின் மொத்த மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 12 ÷ 0.1 = 120 ஆம்பியர்! பாட்டரிக்கும் தகட்டுக்கும் இடையே 1 மீட்டர் கம்பி. அதன் மின்தடை 0.017 ஓம். அதில் மட்டும் 120 × 120 × 0.017 = 245 வாட் வெப்பம். இந்த 1 மீட்டர் கம்பியின் கன அளவு 1 கன சென்டிமீட்டர், நிறை 8.9 கிராம். செம்பின் தன்வெப்பம் கிராமுக்கு 0.39 ஜூல். ஆக, இக்கம்பியை 1 டிகிரி சூடேற்ற 3.5 ஜூல் போதும். வினாடிக்கு 245 ஜூல் கிடைத்தால், வினாடிக்கு 70 டிகிரி செல்சியஸ் ஏறும்!

கம்பியின் பிளாஸ்டிக் உறை பொதுவாக 70 டிகிரி வரை தாங்குவதற்கென்றே செய்யப்படுகிறது. ஒரே வினாடியில் அந்த எல்லை கடந்துவிடும். இரண்டு மூன்று வினாடிகளில் உறை உருகும்; பிறகு தீ. அருகிலேயே பெட்ரோல் குழாய் வேறு. எங்கள் காரில் செம்பு விட்டு விட்டுத்தான் உரசியது. அதனால்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தலைமடையில் காவல்

திண்டிவனத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காரைக் காட்டினோம். அவர் கருகிய கம்பியைப் பார்த்தார், டிக்கியில் இருந்த ஃபியூஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்க ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் போட்டிருக்கீங்க. வயருக்கு யாரு போடறது?" என்றார்.

இந்த ஒரு கேள்வியில் பாடம் முழுவதும் அடங்கிவிட்டது. குறுக்குச் சுற்று நேர்ந்த இடம் பாட்டரிக்கு அருகில். 120 ஆம்பியரும் பாட்டரியிலிருந்து தகடு வழியாகத் திரும்பிவிட்டது. டிக்கி வரை போகவே இல்லை. தன் வழியாக மின்னோட்டம் செல்லாதபோது ஃபியூஸ் எப்படி உருகும்? சாவி அணைத்தும் புகை நிற்காததற்கும் இதுவே விளக்கம். நான் இழுத்த கம்பி சாவியின் வழியாகச் செல்லாமல் நேரே பாட்டரியில் இணைந்திருந்தது.

வயலில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் கடைமடையை அடைத்துப் பயனில்லை. தலைமடையைத்தான் அடைக்க வேண்டும். அதுபோல ஃபியூஸை வைக்க வேண்டிய இடம் பாட்டரியின் நேர்முனைக்கு அருகே, ஒரு முழத்துக்குள். அதன் அளவோ, கருவிக்குத் தேவையானதைவிடச் சற்று அதிகமாகவும், கம்பி பாதுகாப்பாகத் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 15 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் ஃபியூஸும் பொருத்தம். ஃபியூஸ் உருகிவிட்டால் அதற்குப் பதிலாகக் கம்பித் துண்டையோ சிகரெட் தாளின் ஈயத் தகட்டையோ செருகுவது, காவல்காரனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொன்று. பழைய பிரிட்டிஷ் வகைக் கார்கள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கருவிகள் எதிர்முனை உடலோடு இணைந்த கார்களுக்கென்று அமைந்தவை. இதைப் பாராமல் இணைத்தால் கருவி அப்போதே பாழ். பழைய காரில் கை வைக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

ஒலிபெருக்கியின் முதுகு

பாதுகாப்பு ஆயிற்று, இனி இனிமை. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் வடிவமைத்த அசையும் சுருள் ஒலிபெருக்கியைத்தான் இன்றும் நாம் பயன்படுத்துகிறோம். காந்தப் புலத்தில் உள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் மாறும்போது, அதோடு ஒட்டிய கூம்பு முன்னும் பின்னும் அதிர்கிறது. கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகிறது. அதே நேரத்தில் பின்புறக் காற்று நெகிழ்கிறது. ஆக, முன் அலையும் பின் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் உள்ளன. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும்.

காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். 100 ஹெர்ட்ஸ் கொண்ட தவில் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அரைச்சாண் அளவுள்ள கூம்பைச் சுற்றி வருவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. எனவே அடித்தொனி அழிந்துபோகும். 3400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 10 சென்டிமீட்டர்தான். அது அவ்வளவாகப் பாதிக்கப்படாது. வெறுமனே தொங்கும் ஒலிபெருக்கி கீச்சென்று ஒலிப்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்: பழுதான வானொலியிலிருந்து எடுத்த சிறு ஒலிபெருக்கியை ஒரு சிறிய வானொலியோடு இணைத்துக் கையில் பிடித்துக் கேளுங்கள். பிறகு ஒரு பெரிய அட்டையில் கூம்பின் அளவுக்குத் துளையிட்டு, ஒலிபெருக்கியை அதன் பின்னால் அழுத்திப் பிடியுங்கள். ஒரு வாட்கூடக் கூட்டாமலே அடித்தொனி எழுவதைக் கேட்பீர்கள்!

அம்பாசிடரில் இந்த அட்டையின் வேலையைச் செய்ய நல்ல இடம் இருக்கிறது. பின் இருக்கைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே உள்ள பலகை அது. அதன் கீழே டிக்கி ஒரு பெரிய பெட்டியாக அமைந்து, பின் அலையைச் சிறைப்படுத்துகிறது. பழைய பலகையைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே வடிவில் ஒட்டுப்பலகையை வெட்டிப் பொருத்தினோம். காரின் தகட்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. பழம்பொருளுக்குச் செய்யும் மரியாதை அது.

இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே கட்டத்தில் அதிர வேண்டும். ஒரு 1.5 வோல்ட் மின்கலத்தை ஒவ்வொன்றின் முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். நேர்முனையை நேர்முனையோடு சேர்த்தால் கூம்பு வெளியே நகர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் நகர்ந்தால், இணைப்பு மாறியிருக்கிறது என்று பொருள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

1887இல் ஹெர்ட்ஸ் முதன்முதலாக வானொலி அலைகளை உண்டாக்கியது மின்பொறியைக் கொண்டுதான். காரின் எஞ்சினும் ஓயாது மின்பொறி எழுப்புகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றினால் 4000 பொறிகள். வினாடிக்கு ஏறத்தாழ 67. வானொலியில் கேட்கும் படபடப்பு இதுவே. 1930இல் சிகாகோவைச் சேர்ந்த கால்வின் சகோதரர்கள் காரில் வானொலி பொருத்த முனைந்தபோது பெரும்பாடு படுத்தியதும் இந்த இரைச்சல்தான். அதை அடக்கி அவர்கள் விற்ற வானொலியின் பெயர் மோட்டரோலா.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வேறு. அது பெரும்பாலும் உடல் இணைப்பு வழியாக நுழைகிறது. துருப்பிடித்த இணைப்பின் மின்தடை 0.05 ஓம் என்றால், 15 ஆம்பியர் செல்லும்போது அங்கே 0.75 வோல்ட் தோன்றும். ஆம்ப்ளிஃபயருக்கு வரும் இசைக் குறிப்பே ஏறக்குறைய அந்த அளவுதான். மருந்து எளிது: பெயிண்ட்டைச் சுரண்டித் தகடு பளபளக்கும் ஒரே இடத்தில் கருவிகள் அனைத்தையும் உடலோடு இணையுங்கள். மின்கம்பியைக் காரின் ஒரு பக்கமும் இசைக்கம்பியை மறுபக்கமும் கொண்டு செல்லுங்கள்.

முடிவாக

மாமாவின் காரில் இப்போது இருப்பது தலா 20 வாட் தரும் சிறு ஆம்ப்ளிஃபயர், உணர்திறன் மிக்க இரண்டு ஒலிபெருக்கிகள், கனத்த கம்பி, பாட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஒரு ஃபியூஸ், துளையில் ரப்பர் வளையம். பழையதைவிட நன்றாகப் பாடுகிறது. மழை இரவிலும் விளக்கு மங்கவில்லை.

ஒலியையும் அளவோடு வைத்திருக்கிறோம். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்றும், 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். இழந்த செவிப்புலன் திரும்புவதில்லை. பின்னால் வரும் ஆம்புலன்சின் ஒலி ஓட்டுநருக்குக் கேட்கவும் வேண்டுமல்லவா?

அந்தக் கருகிய கம்பித் துண்டை நான் எறியவில்லை. ஓம் விதி நடத்தும் நாளில் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன்.

சிந்திக்க

1. 24 வோல்ட் பாட்டரி கொண்ட லாரியில் 200 வாட் கருவிக்கு எத்தனை ஆம்பியர் தேவை? அதே கம்பியில் வெப்பம் எத்தனை மடங்கு குறையும்?

2. 100 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் கேட்கலாம்?

3. உங்கள் வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் அல்லது மின்முறிப்பான் எங்கே வைக்கப்பட்டுள்ளது? கருவிகளுக்கு அருகிலா, மின்சாரம் நுழையும் இடத்திலா? ஏன்?